பதினேழாம் எண்ணின் உறக்கம்

ஜூன் 3, திங்கள்

மூளை அலை பதியும் ஒயர்களை ஒட்டுகிற எலக்ட்ரோடு பசைக்கு வாடை கிடையாது என்று டப்பாவில் அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தவன் ஒரு நாளாவது அதை வியர்த்த தலையில் தேய்த்துப் பார்த்திருக்க வேண்டும். சளியைப்போல் இழுபடுகிறது; காய்ந்தால் பொடுகாக உதிர்கிறது. என் நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மதியம் மெஸ்ஸில் சோற்றில் கைவைத்ததும் அது நினைவுக்கு வந்து, தட்டைத் தள்ளிவிட்டேன்.

ஆறாவது குழு வந்து சேர்ந்தது. மூன்று ஆண்கள். எண்கள் 16, 17, 18. மூவரின் செருப்புகளும் ஆய்வக வாசலில் கிடந்து நாறுகின்றன. இன்னும் இரண்டு குழு முடிந்தால் இருபத்து நான்கு பேர் ஆகிவிடும். என் நான்கு வருட முனைவர் பட்ட ஆய்வும் முடிந்துவிடும். பிறகு வாழ்நாளில் இன்னொருவர் தலையைத் தொட மாட்டேன்.

சோதனை இதுதான். முதல் இரவு முழு உறக்கம். அதன்பின் ஐந்து இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும். தினமும் காலையில் கணினியில் பலூன் விளையாட்டு. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் பலூன் சற்றுப் பெரிதாகும், ஒரு புள்ளி சேரும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அழுத்திக்கொண்டே போனால் வெடித்து எல்லாம் போய்விடும். உறக்கம் குறையக் குறைய மனிதன் எங்கே நிறுத்துகிறான் என்பதுதான் என் கேள்வி. ஐந்து இரவும் முடிந்த பிறகு ஓர் இரவு முழுதாக உறங்கவிட்டு, மறுநாள் ஆய்வகக் காரில் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். அதுவரை யாரும் வண்டி ஓட்டக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் அந்த வரியைத் தட்டச்சு செய்தவள் நான்தான்.

17 பெயர் துரைராசு. வயது நாற்பத்து மூன்று. ஒரு பொறியியல் கல்லூரியின் பேருந்து ஓட்டுநர். கல்லூரி திறக்க இன்னும் இரண்டு வாரம் இருப்பதால் வந்திருக்கிறார். அன்னூர்ப் பக்கத்திலிருந்து மொபெட்டில் வந்தார். வண்டிச் சாவியை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். நானும் படித்துக் காட்டவில்லை. வரிசையில் 18 நின்றுகொண்டிருந்தார்.

பசை தடவும்போது கேட்டார்: “ஏனுங்க மேடம், தூங்காட்டி என்னாகும்னு தெரியாதுங்களா? இதுக்குப் போயி ஒரு படிப்புங்களா?”

“தூக்கம் வரும்னு தெரியும். புத்தி என்ன ஆகும்னுதான் பாக்கோம்” என்றேன். நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். “இதுக்குப் பின்னால முன்மடல்னு ஒரு பகுதி. வேண்டாம், போதும், நிறுத்துன்னு சொல்றது அதுதான். தூக்கம் இல்லன்னா முதல்ல அதுதான் சோர்ந்து போகும்.”

“பிரேக்குன்னு சொல்லுங்க.”

“ஆமா.”

“பிரேக்கு சோர்ந்தா ஓட்டறவனுக்குத் தெரிஞ்சுருமுங்க.”

தெரியாது என்பதுதான் இந்தத் துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு. அதைச் சொல்லவில்லை. சொன்னால் சோதனை கெட்டுவிடும்.

ஜூன் 5, புதன்

அவர்கள் நான்கு மணி நேரம். நான் நாற்காலியிலேயே மூன்று. போதும்.

வாஷ்பேசினில் மூன்று பேர் முடியும் சுருண்டு கிடக்கிறது. எடுத்துப் போட ஒருவருக்கும் கை வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

பேராசிரியர் ஜெரால்டு கூப்பிட்டார். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கி, அது உடைந்து உள்ளே விழ, விரலை விட்டு எடுத்து உறிஞ்சினார். இந்த மனிதருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, இவரிடம்தான் சேர வேண்டும் என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு பெட்டியோடு கிளம்பி வந்தேன்.

“செண்பகம், மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்ப இருபத்தொண்ணுதான் கடைசி நாள். அடுத்த குரூப்பை ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வரச் சொல்லிட்டேன்.”

“சார், ஞாயித்துக்கிழமை ராத்திரி இவங்களுக்கு முழுத் தூக்கம் குடுக்கணுமே. திங்கக்கிழமைதான் கட்டில் காலியாகும்.”

“நமக்கு வேண்டிய டேட்டா ஞாயித்துக்கிழமை காலையிலயே முடிஞ்சிருதுல்ல?”

“முடிஞ்சிரும்.”

“அப்புறம் என்ன. பாத்துப் பண்ணும்மா.”

பாத்துப் பண்ணும்மா. எதையும் வாயால் சொல்ல மாட்டார். அவர் வாயில் பிஸ்கட் மாவு ஒட்டியிருந்தது.

ஜூன் 8, சனி

துரைராசு முதல் நாள் ஒரு பலூனுக்குச் சராசரி இருபது அழுத்தம். இன்று நாற்பத்தெட்டு. முப்பது பலூனில் பதினெட்டு வெடித்தன. ஒவ்வொன்று வெடிக்கும்போதும் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று ஒன்று (தெளிவு) முதல் ஒன்பது (தாங்க முடியாத தூக்கம்) வரை எண் கேட்டால் “மூணு” என்கிறார். முந்தாநாளும் மூணு. கண் சிவந்து, எச்சில் உதட்டோரம் காய்ந்து, பல் தேய்க்காத வாயோடு உட்கார்ந்து, மூணு. பார்க்கவே குமட்டுகிறது. 16 பகல் முழுவதும் ஏப்பம் விடுகிறார். 18 காலை நீட்டி நகம் பிய்த்துத் தரையிலேயே போடுகிறார். இந்த அறையில் ஏசி ஓடி ஓடி மனித வாடையைக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது.

நசீமாக்கா, ஆய்வகத்தின் டெக்னீஷியன், எட்டு மணிக்கு வந்ததும் என்னைப் பார்த்து, “மொகத்தப் பாரு செண்பகம். போய் ரெண்டு மணி நேரம் படு” என்றார். எனக்கென்ன? நான் தெளிவாக இருக்கிறேன். அவர்களுக்குத்தான் சோதனை. அண்ணன் போனில் கல்யாணப் பேச்சை எடுத்தான். நான்கு வருடமாக மனதில் வைத்திருந்ததையெல்லாம் திட்டித் தீர்த்தேன். சந்தோஷமாக இருந்தது. மதியம் சாப்பாட்டுக்குப் போகையில் பாலத்தைச் சுற்றிப் போகப் பொறுமையில்லாமல், அவிநாசி சாலையின் நடுத்தடுப்பில் ஏறிக் குதித்துக் கடந்தேன். பேருந்துக்காரன் கத்தினான். ஒரு முழம் இடைவெளி இருந்தது. கணக்குப் பார்த்துத்தான் இறங்கினேன்.

ஜூன் 9, ஞாயிறு

கடைசிச் சோதனை பத்தரைக்கு முடிந்தது. நசீமாக்கா மாலைதான் வருவார். ஐந்து மணிக்குப் புதுக் குழு. அதற்குள் கட்டில், கக்கூஸ், தரை, ஒயர் எல்லாம் கழுவியாக வேண்டும்.

16ஐயும் 18ஐயும் பஸ்ஸுக்கு அனுப்பினேன். துரைராசு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார் (உறக்கத்தையும் அசைவையும் பதிவு செய்யும் எங்கள் கடிகாரம்). 

“கார் வருமுங்களா மேடம்?”

“ஞாயித்துக்கிழமை. டிரைவரக் கூப்பிட்டா ஒரு மணி நேரம் ஆகும். தூக்கம் வருதா உங்களுக்கு?”

“இல்லீங்க. இப்பத்தான் நல்லா இருக்குது.”

“எத்தனை?”

“மூணுங்க.”

மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பதினொன்றரை மணி. வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியை உதைத்தபோது ஒரு முறை சாய்ந்து நிமிர்ந்தார். சிரித்தார்.

அறை காலி. பினாயில் ஊற்றிக் கழுவிய பிறகுதான் மூச்சே விட முடிந்தது. இன்றிரவு நசீமாக்கா பார்த்துக்கொள்வார். விடுதிக்குப் போகிறேன்.

ஜூன் 10, திங்கள்

ஒன்பது மணி நேரம் உறங்கினேன். எட்டு மணிக்குப் போன் எழுப்பியது. துரைராசுவின் மனைவி ஈசுவரி. நேற்றுப் பன்னிரண்டு மணிக்குக் குரும்பபாளையம் தாண்டி ஒரு வளைவில், முன்னால் போன லாரியை முந்தும்போது எதிரே வந்த வேனில் மோதிவிட்டாராம். இடது கால் நசுங்கியிருக்கிறதாம்.

“ஏனுங்க, நீங்கதான் காருல உடறோம்னு சொன்னீங்களாமா. இவரு எதுக்குங்க வண்டிய எடுத்தாரு?”

அவர் அவசரப்பட்டுக் கிளம்பியதைச் சொன்னேன்.

படிவங்களை முடித்து வைத்தேன். கடிகாரங்கள் நேற்று வந்த குழுவுக்கு வேண்டும் என்பதால் பதிவுகளை அழித்துச் சார்ஜில் போட்டேன்.

மெஸ்ஸில் பொங்கல். மேலே ஆடை படிந்திருந்தது.

ஜூன் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமலிருந்தால் நன்றாக இருக்காது.

ஈசுவரி முப்பத்தெட்டு வயதிருக்கும். பஞ்சாலையில் வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலை முந்தானையால் துடைத்து, உட்காரச் சொன்னாள். பிறகு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“உங்க ஆராச்சிக்கே கெட்ட பேராகிப் போச்சுங்க இவரால. இருவது வருசமா பஸ்ஸு ஓட்டற மனுசன். வளைவுல போயி ஒருத்தன் லாரியத் தாண்டுவானாங்க? அப்படி என்ன அவசரம் உங்களுக்குன்னு நேத்திருந்து கேட்டுட்டு இருக்கறேன். வாயத் தெறக்க மாட்டீங்கறாரு.”

துரைராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து மயக்கத்தில் நாக்குக் குழறியது.

“கண்ணு சொக்குலீங்க மேடம். முழிச்சுட்டுத்தான் இருந்தேன். வேனு வர்றதும் தெரிஞ்சுது. தாண்டிரலாம்னு தோணுச்சு. அவ்வளவுதானுங்க.” பிறகு: “நான் அவசரப்பட்டனுங்களா? காருக்கு இருக்கச் சொன்னீங்களா? எனக்கு ஒண்ணும் சரியா நெனவுல நிக்கலீங்க.”

ஈசுவரி என் முகத்தைப் பார்த்தாள்.

“ரெஸ்ட் எடுங்க. அப்புறம் பேசலாம்” என்றேன்.

ஜூன் 12, புதன்

பேராசிரியரிடம் சொன்னேன். பாதி பிஸ்கட்டோடு கை நின்றது.

“படிவமெல்லாம் கரெக்டா இருக்குல்ல? ராத்திரி தூங்கினான், காலைல போனான்னு?”

“விபத்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் சார்.”

“அப்ப தேதி ஒத்து வரணும். முந்தின நாள் ராத்திரி முழுசாத் தூங்கினான்னு இருக்கணும்.”

“அப்படித்தான் இருக்கு.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் மெச்சுதல் இருந்தது. நான்கு வருடத்தில் முதல் முறை. 

ஜூன் 13, வியாழன்

17ஆம் எண் படிவத்தில் இரண்டாவது கையெழுத்து நசீமாக்கா போட வேண்டியது. அவரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, மறுபடி படித்தார்.

“சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணி நேரம் நாப்பது நிமிஷம் தூங்கினாரா?”

“ம்.”

“சனிக்கிழமை அஞ்சாவது நாலு மணி நேர ராத்திரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்தக் கட்டில்ல புது ஆளுக்கு விரிப்பு மாத்தினது நான். வாட்ச் எங்க?”

“அழிஞ்சிருச்சு.”

“அழிஞ்சிருச்சா, அழிச்சியா?”

படிவத்தை மேசையில் வைத்தார், விரல் நுனியால், ஈரமான எதையோ வைப்பதுபோல.

“எங்கிட்ட கையெழுத்து கேக்காத செண்பகம். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டேன். அதுவும் உன் வேலைதான்.”

ஜூன் 14, வெள்ளி

துரைராசுவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஈசுவரி போனில் சொன்னாள். அழவில்லை. “இனி எப்படீங்க கிளச்ச மிதிப்பாரு?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 16, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன்.

8ஆம் தேதி கையெழுத்து கோட்டை விட்டுச் சரிந்து ஓடுகிறது. அன்றைக்கு நான் சரியாக உறங்காமல் ஐந்தாவது நாள். துரைராசுவின் வாயையும் 18இன் நகத்தையும் அருவருத்து எழுதிய பக்கத்தில் தேநீர்க் கறை, என் எச்சிலோ என்னவோ ஒன்று காய்ந்த வட்டம். உறக்கம் கெட்டால் கோபமும் வெறுப்பும் பெருகும், முன்மடலால் அவற்றை அடக்க முடியாது என்று என் ஆய்வின் இரண்டாம் அத்தியாயத்தில் பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன். அதை எழுதியவள் சாலைத் தடுப்பில் ஏறிக் குதித்திருக்கிறாள், கணக்குப் பார்த்து. சோதனையில் இருபத்து நான்கு பேர் இல்லை, இருபத்தைந்து.

இதை எழுதிய நிமிடம் பெரிய ஆறுதல் வந்தது. நான் இல்லை, என் மூளை. உறங்காத மூளை. துரைராசு லாரியை முந்தியது எப்படியோ, அப்படித்தான் நான் சாவியைக் கொடுத்ததும். நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிடலாம், இதைக் காரணமாகச் சொல்லிவிடலாம், யாருக்கும் புரியும் என்று நிம்மதியாக இருந்தது. ஒரு மணி நேரம் அந்த நிம்மதியோடு படுத்துக் கிடந்தேன்.

பிறகு 10ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது. கோடு பிசகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

எழுதுகிறேன், அடிக்கிறேன். மெஸ்ஸில், வகுப்பில், குளிக்கும்போது கூட வாயில் ஏதோ கசக்கிறது. பல் தேய்த்தாலும் போகவில்லை.

ஜூன் 19, புதன்

நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் கொடுத்தேன். மூன்று தடவை அடித்து எழுதிய பத்தியை இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“ஜூன் 9ஆம் தேதி எண் 17க்கு முழு உறக்க இரவு தராமல், காரை அழைக்காமல், அவருடைய வண்டிச் சாவியை நானே கொடுத்தேன். அப்போது நானும் ஐந்து நாட்களாகச் சரியாக உறங்கவில்லை. ஆனால் அவர் முழுதாக உறங்கினார் என்ற பொய்ப் படிவத்தை நிரப்பியதும், கடிகாரப் பதிவை அழித்ததும், அவர்தான் அவசரப்பட்டார் என்று அவர் மனைவியிடம் சொன்னதும் ஜூன் 10ஆம் தேதி. அன்று நான் ஒன்பது மணி நேரம் உறங்கி எழுந்திருந்தேன். என்ன செய்கிறேன், எதற்காகச் செய்கிறேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.”

உறங்காத மூளை ஒரு மனிதனை ஆபத்தில் தள்ளியது. உறங்கி எழுந்த மூளை உட்கார்ந்து, எல்லாப் பக்கமும் யோசித்து, பழியை அவன் தலையிலேயே கட்டியது. எது அசிங்கம் என்று எனக்குச் சந்தேகமில்லை.

ஜூன் 24, திங்கள்

குழு கூடியது. ஐந்து பேர். பேராசிரியரும் இருந்தார். “எனக்குத் தெரியாம நடந்தது. படிவத்தைப் பார்த்துத்தான் நானும் நம்பினேன்” என்றார். “பாத்துப் பண்ணும்மா” என்று அவர் சொன்னதையும், தேதி ஒத்து வர வேண்டும் என்று சொன்னதையும் சொன்னேன். “எந்த அர்த்தத்தில் சொன்னார்?” என்று கேட்டார்கள். நசீமாக்கா வந்து விரிப்பு மாற்றியதைச் சொல்லிவிட்டுப் போனார்.

குழுவில் ஒரு மருத்துவர், வயதானவர், கனிவாகக் கேட்டார்: “நீங்களும் வாரக் கணக்கா தூங்காம வேலை பார்த்திருக்கீங்க. அந்தப் பாதிப்பு மறுநாளும் இருந்திருக்கலாம் இல்லையா?” என் மீது இரக்கப்பட்டுத் திறந்துவிட்ட கதவு அது. இருந்திருக்கலாம். ஓர் இரவில் எல்லாம் சரியாகிவிடாது என்று கட்டுரைகளும் சொல்கின்றன. அவர்களுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும்.

“படிவத்துல நாப்பது நிமிஷம்னு சேர்த்தேன் சார். ஒன்பது மணி நேரம்னு மொட்டையா எழுதினா நம்ப மாட்டாங்கன்னு” என்றேன்.

ஆய்வை நிறுத்திவிட்டார்கள். என் பதிவும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. துரைராசுவின் சிகிச்சையும் செயற்கைக் காலும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார்கள். பேராசிரியரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்; அவர் எழுதிக் கொடுத்துவிடுவார், நன்றாக எழுதுவார்.

குழுவிடம் சொல்வது எளிதாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை.

ஜூன் 27, வியாழன்

வெறுங்கையோடு போகக் கூசியது. விடுதிச் சமையல்காரம்மாவிடம் கெஞ்சி, அரிசிக் கஞ்சி வைத்து, பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

பதினோரு மணி. வார்டில் டெட்டால் வாடையும் வாழைப்பழ வாடையும். துரைராசு தலையணையில் சாய்ந்திருந்தார். போர்வை இடது பக்கம் பாதியில் தட்டையாக இருந்தது. ஈசுவரி பிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“எதுக்குங்க உங்களுக்குச் செரமம். பாருங்க, இவரு இங்கியும் ரகளைதான். நர்சு சொல்றதுக்குள்ள எந்திரிக்கப் பாக்கறாரு. எப்பப் பாத்தாலும் அவசரம்.”

துரைராசு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பதினேழு நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

உட்காராமல் நின்றபடியே சொன்னேன்.

“அவர் அவசரப்படலக்கா. காருக்கு இருக்கேன்னுதான் நின்னாரு. நான்தான் சாவியக் கையில குடுத்து அனுப்பினேன். அன்னிக்கு ராத்திரி அவர அங்கேயே தூங்க வச்சு, மறுநாள் கார்லதான் விட்டிருக்கணும். கட்டில் வேணும்னு அனுப்பிட்டேன். உங்ககிட்ட போன்ல சொன்னது பொய்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். துரைராசு மெல்லத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார்.

“கேட்டியா?” என்றார். “நான்தான் கேனையாட்டப் பண்ணிட்டன்னு நெனச்சுட்டு இருந்தேன் ஈசு. எத்தன யோசிச்சாலும் நெனவு வருல. காருக்கு நின்னனா. நின்னனா நானு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“நீங்களும் எங்ககூட முழிச்சுட்டுத்தானுங்களே இருந்தீங்க அம்மிணி. நாற்காலில தலை தொங்கத் தொங்க. உங்களுக்கும் அப்படியே ஆயிருக்கும். எனக்கு ஆனாப்பல.”

தலையை ஆட்டிவிடலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு தலையசைப்பு. அது போதும், அவர் மன்னித்துவிடுவார்.

“சாவி குடுத்தது அப்படி இருக்கலாம். பொய் சொன்னது அப்படி இல்ல. அது நல்லாத் தூங்கி எந்திரிச்சு, யோசிச்சுச் சொன்னது.”

அவர் போர்வையின் தட்டையான பக்கத்தை இழுத்துச் சரிசெய்தார். 

ஈசுவரி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வார்டுக் கோடியிலிருந்த வாஷ்பேசினுக்குப் போனாள். மூடியைத் திறந்து கஞ்சியை ஊற்றினாள். சூடு ஆறியிருக்கவில்லை, ஆவி அவள் முகத்தில் எழுந்தது. பருக்கைகள் அடைத்துக்கொண்டன. விரலால் தள்ளித் தள்ளிக் குழாய் நீர் விட்டாள். பிளாஸ்க்கை உள்ளும் புறமும் கழுவினாள். முந்தானை வரை போன கையை இழுத்துக்கொண்டு, ஜன்னலில் கிடந்த பழைய துணியை எடுத்துத் துடைத்தாள். மூடியைத் திருகி, கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். என் விரல் படாமல் அடியைப் பிடித்து நீட்டினாள்.

நான்கு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். கடைக்காரர் முதல் கண்டக்டர் வரை யாரும் என்னை வெறுமனே “போங்க” என்று சொன்னதில்லை. “போயிட்டு வாங்க” என்றுதான் சொல்வார்கள்.

“போங்க” என்றாள் ஈசுவரி.